சும்மா இராத மூளை

நம் தாய்மொழியில் 'சும்மா' என்றொரு சொல் இருக்கிறது. வேலையின்றி இருப்பவன் சும்மா இருக்கிறான். விலையின்றிக் கிடைப்பது சும்மா கிடைக்கிறது. பொருளின்றிப் பேசுபவன் சும்மா பேசுகிறான். அண்டை வீட்டு வடநாட்டு அன்பரிடம் இச்சொல்லின் பொருளை விளக்கப் புகுந்து திணறாத தமிழர் நம் சங்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சாய்வு நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருப்பவரைப் பார்த்து, "சும்மாதான் இருக்கிறார்" என்கிறோம். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னல் வழியே வானத்தைப் பார்த்திருக்கும் சிறுவனை, "சும்மா உட்கார்ந்திராதே" என்று தாய் அதட்டுகிறாள். கை சும்மா இருக்கலாம். கால் சும்மா இருக்கலாம். ஆனால் மண்டையோட்டினுள் குடிகொண்டிருக்கும் மூளையும் சும்மா இருக்கிறதா?

இல்லை என்பது விஞ்ஞானிகள் கண்ட முடிபு. அம்மட்டோ! சும்மா இருக்கும்போது மூளை இயங்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது; அவ்வேறுபாட்டில் பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருகிறது; மூளையிலுள்ள இரசாயனப் பொருள்களைக் கையாளும் மரபணுக்கள் அதில் ஈடுபட்டிருக்கின்றன. இவையும் அவர்கள் கண்டவையே.

நாம் மருத்துவரும் அல்லோம், விஞ்ஞானியும் அல்லோம்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாப் பணி புரிந்து வருபவர். எனினும் இப்பொருளைப் பற்றி இரவு நேரங்களில் படித்தறிந்தவற்றைச் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைக்கத் துணிந்தோம். காரணம், "எல்லாம் இரத்தத்தில் வருவது" என்ற பேச்சு நம் வீடுகளில் மிகுதி. அப்பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை அறிந்துகொள்வது எத்தனையோ குடும்பங்களுக்கு நன்மை பயக்கும்.

நிற்கும் எஞ்சின்

யார்டில் டீசல் எஞ்சின் ஒன்று நிற்கிறது. அதனோடு ஒரு பெட்டியும் பூட்டப்படவில்லை. ஓர் அடிகூட அது நகரவில்லை. ஆயினும் உள்ளே உறுமிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயும் செலவாகிக்கொண்டே இருக்கிறது. கொடி அசைந்ததும் புறப்பட வேண்டுமானால் அது அவ்வாறுதான் நிற்க வேண்டும்.

மூளையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வயது வந்தவரின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் இது 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் ஓய்ந்திருக்கும் வேளையில் உடல் செலவிடும் சக்தியில் 100-க்கு 20 பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது.

கணக்குப் போடும்போது இச்செலவு பன்மடங்கு உயரும் என்றுதானே எண்ணத் தோன்றும்? அமெரிக்காவில் லூயி சொகொலொஃப் என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் இதனைச் சோதித்து, 1955-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். மனக்கணக்குப் போடுவோரின் மூளை முழுவதும் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகிறது என்று அவர்கள் அளந்தனர். சும்மா இருந்தபோது செலவான அளவே கணக்குப் போட்டபோதும் செலவாகியிருந்தது! குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும்போது மூளையில் கூடுகின்ற செலவு 100-க்கு 5 பங்குக்கும் குறைவே எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே, மூளையின் செலவில் பெரும்பகுதி ஓய்வு என்று நாம் நினைக்கும் வேளையிலும் நடந்துகொண்டே இருக்கும் உள்வேலைக்கு உரியது.

அவ்வேலை ஒழுங்கற்ற வெறும் இரைச்சலும் அன்று. 1995-இல் மில்வாக்கி நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பாரத் பிஸ்வால் என்பவர், காந்தக் கருவியினுள் அசையாது படுத்திருப்போரின் மூளையை ஆராய்ந்தார். வலக்கையை இயக்கும் பகுதியிலும் இடக்கையை இயக்கும் பகுதியிலும் இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கங்கள், கை அசையாதபோதும், ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அவர் கண்டார். 2001-இல் செயிண்ட் லூயி நகரத்து மார்க்கஸ் ரைக்லும் அவருடைய குழுவினரும், புறவேலையில் ஈடுபடும்போது அடங்கி, ஓய்ந்திருக்கும்போது ஓங்கும் மூளைப் பகுதிகள் சில உண்டு என எடுத்துக்காட்டினர். பழைய நினைவுகளைப் புரட்டுவது, நாளை நடக்கவிருப்பதை எண்ணிப் பார்ப்பது, பிறர் மனத்தை ஊகிப்பது ஆகிய செயல்களில் அப்பகுதிகள் முன்னிற்கின்றன. சன்னல் வழியே வானத்தைப் பார்க்கும் சிறுவனுக்காக வழக்காட ஒரு சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா?

ஜெனா நகரத்து மருத்துவர்

ஓய்ந்திருக்கும் மூளையின் இயக்கத்தை முதன்முதலில் வெளியிலிருந்து கண்டவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநோய் மருத்துவர். ஜெனா நகரில் பணியாற்றியவர். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தொலைவிலிருந்த தமக்கைக்குக் காரணமின்றி மனம் பதைத்ததாம். அவள் வற்புறுத்தலால் தந்தை தந்தி அடித்திருந்தார். ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்துக்குச் செல்லும் சக்தி யாது என்று தேடத் தொடங்கிய பெர்கர் அதனைக் காணவில்லை. ஆயினும் அந்தத் தேடல் அவரை வேறொரு செல்வத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1924-ஆம் ஆண்டு மனித மூளையின் மின் அலைகளை அவர் முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே, 1929-இல் அதனை வெளியிட்டார். தம் மகன் கிளவுஸின் தலையிலும் பல பதிவுகளை எடுத்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து விழும் அலை ஒன்று தோன்றுகிறது. கண்ணைத் திறந்ததும் அது அடங்கிவிடுகிறது. இதற்கு 'ஆல்ஃபா அலை' எனப் பெயரிட்டார். இதனினும் விரைந்து ஓடும் சிற்றலை 'பீட்டா அலை' எனப்பட்டது. ஆல்ஃபா அலையின் மின்னழுத்தம், கைவிளக்கில் இடுகின்ற ஒரு செல்லின் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 30,000-இல் ஒரு பங்குதான். இன்று வலிப்பு நோய் ஐயம் உள்ளவர்க்கு மருத்துவமனைகளில் எடுக்கும் 'ஈ.ஈ.ஜி.' என்பது பெர்கர் கண்ட இவ்வலைகளின் பதிவேயாகும்.

பெர்கரின் கூற்றைப் பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியனும் மாத்யூஸும் தம் தலைகளையே சோதனைப் பொருளாக்கி அதனை மெய்ப்பித்தனர். அதில் ஒரு வேடிக்கை. ஏட்ரியன் கண்ணை மூடியவுடன் அலை தெளிவாக எழுந்தது. மாத்யூஸின் தலையிலோ அவ்வளவு எளிதில் தோன்றவில்லை. இருவரும் தேர்ந்த அறிஞர், இருவரும் நலமுடையவர். ஆயினும் ஓய்ந்திருக்கும் மூளையின் நடை ஒருவருக்கு ஒருவிதம், மற்றவருக்கு வேறுவிதம்!

நம் நாட்டிலும் இவ்வேறுபாடு கண்ணில் பட்டது. 1961-இல் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்ற மூவர், யோகியர் சிலரின் மூளை அலைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். சமாதி நிலையில் இருந்தவர் அருகே உரத்த ஓசை எழுப்பியும், வலிய ஒளியைக் காட்டியும் அவர்தம் ஆல்ஃபா அலை கலையவில்லை என்பது அதில் புகழ்பெற்ற செய்தி. ஆனால் அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத மற்றொரு குறிப்பும் உண்டு. யோகம் பயிலத் தொடங்கியவர்களுள், இயல்பான ஓய்வு நிலையிலேயே ஆல்ஃபா அலை நன்கு அமைந்திருந்தவர்கள், பயிற்சியைத் தொடர்வதில் மிகுந்த நாட்டமும் தகுதியும் காட்டினராம். சோதிக்கப்பட்டவர் மிகச் சிலர்; ஆகவே இதனைக் கொண்டு பெருமுடிவு செய்தல் கூடாது. ஆயினும் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. இந்த இயல்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

இரட்டையர் தந்த சாட்சி

இத்தகைய கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் நாடுவது இரட்டைப் பிள்ளைகளை. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர் மரபணுக்களில் ஒத்தவர். இரு கருக்களாய் ஒருங்கே பிறந்த இரட்டையர் மற்ற உடன்பிறந்தாரைப் போல, சராசரியாகப் பாதி மட்டுமே ஒத்தவர். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே உணவுண்டு வளர்பவர். ஆகவே, முதல் வகையினர் ஒரு பண்பில் இரண்டாம் வகையினரைக் காட்டிலும் மிகவும் ஒத்திருப்பாராயின், அப்பண்பில் மரபின் கை ஓங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

1996-இல் நெதர்லாந்தில் 16 வயதுடைய 213 இரட்டையர் இணைகளின் மூளை அலைகளை, அவர்கள் ஓய்ந்திருக்கும்போது பதிவு செய்து வெளியிட்டனர். ஆல்ஃபா அலையின் வலிமையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 100-க்கு 89 பங்கு மரபைச் சார்ந்தது எனக் கணக்கிட்டனர். பீட்டா அலையில் 86 பங்கு. மனிதப் பண்புகளுள் இவ்வளவு உயர்ந்த எண் மிகச் சிலவற்றுக்கே உண்டு.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 100-க்கு 89 என்பது, ஒருவரது மூளையில் 89 பங்கு பெற்றோர் தந்தது, மிகுதி 11 பங்கு தாமே தேடிக்கொண்டது என்று பொருள்படாது. அது ஒரு கூட்டத்தார்க்குள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரே வயலில் பலவகை விதைநெல்லை விதைத்தால், பயிரின் உயரத்தில் காணும் வேறுபாடு பெரும்பாலும் விதையால் வந்ததாக இருக்கும். அதே நெல்லைப் பாதி நீர்வளமுள்ள வயலிலும் பாதி வறண்ட மேட்டிலும் விதைத்தால், வேறுபாட்டில் மண்ணுக்கும் நீருக்கும் உரிய பங்கு பெருகிவிடும். விதை மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது. மேலும், அலையின் வலிமை என்பது அறிவும் அன்று, ஒழுக்கமும் அன்று. குரலின் கனம் பாட்டன் வழி வந்திருக்கலாம். அக்குரலால் என்ன பேசுவது என்பதைப் பாட்டன் வரைந்து வைக்கவில்லை.

முடுக்குவதும் தடுப்பதும்

மரபணு என்பது ஒரு செய்முறைக் குறிப்பு. உடலில் இன்ன புரதத்தை இவ்வாறு செய்க என்று அது கூறுகிறது. மூளையிலுள்ள கோடானுகோடி நரம்பணுக்கள் பெரும்பாலும் இரசாயனப் பொருள்களைத் தூதுவிட்டே ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுள் குளுட்டமேட் என்பது அடுத்த அணுவை முடுக்கிவிடுவது. 'காபா' என்பது அடக்கி நிறுத்துவது. 1950-ஆம் ஆண்டில் மூளையில் இருப்பதாகக் கண்டறியப்பட்ட இந்தக் காபாவை மூளையின் பிரேக் எனலாம். முடுக்குவதும் தடுப்பதும் மாறிமாறி நிகழ்வதனால்தான் அலை எழுகிறது. பிரேக் இல்லாத வண்டி எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து காபா இல்லாத மூளையும்.

காபா தன் வேலையைச் செய்ய வேண்டுமாயின் நரம்பணுவின் மேல் அதனை ஏற்றுக்கொள்ளும் வாயில் ஒன்று வேண்டும். இதற்கு 'ஏற்பி' என்று பெயர். ஐந்து புரதத் துண்டுகள் கூடி அமைந்தது அவ்வாயில். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மரபணு உண்டு. அவற்றுள் நான்கு, நம் நான்காம் குரோமோசோமில் அடுத்தடுத்து வரிசையாக அமர்ந்திருக்கின்றன.

அமெரிக்காவில் 1989-இல், குடிநோய் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களை ஆராயும் பெருமுயற்சி ஒன்று தொடங்கிற்று. பெர்னிஸ் போர்ஜெஸ் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் அக்குடும்பத்தாரின் மூளை அலைகளை ஓய்வு நிலையில் பதிவு செய்தனர். குடிநோயாளரிடம் பீட்டா அலை சராசரியில் மிகுந்திருக்கக் கண்டனர். குடிநோயாளரின் மக்களிடமும் அம்மிகுதி தென்பட்டது. மாதவி ரங்கசாமி என்ற ஆராய்ச்சியாளருக்கு இவ்வாராய்ச்சிகளில் முக்கிய இடம் உண்டு. 2002-இல், பீட்டா அலையின் வேறுபாடு நான்காம் குரோமோசோமின் காபா ஏற்பி மரபணுக்களோடு தொடர்புடையது என அக்குழு வெளியிட்டது. 2004-இல் அம்மரபணுக்களுள் ஒன்று குடிநோயோடும் தொடர்புடையது என அறிவித்தனர்.

இதில் வியப்பு என்னவெனில், மது உடலுட் சென்றதும் நாடுகின்ற இடங்களுள் ஒன்று இதே காபா வாயிலே! பிரேக் சற்றுத் தளர்ந்து, அதனால் எப்போதும் சற்றே பரபரத்திருக்கும் மூளைக்கு, மது தற்காலிக அமைதியைத் தந்து ஏமாற்றுகிறது. அதனாலேயே அத்தகையோர் சிலர் அதன் வசப்படுகின்றனர் என்பது அவ்வாராய்ச்சியாளரின் கருத்து. "மனம் அமைதியடையக் குடித்தேன்" என்று சொல்பவன் பொய் சொல்கிறான் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். அவன் சொல்வதில் ஓர் உண்மை இருக்கலாம். ஆனால் அவ்வமைதிக்கு அவன் கொடுக்கும் விலை அவனையும் அவன் மனைவி மக்களையும் அழித்துவிடுகிறது.

அவசரத் தீர்ப்புகள்

இவ்வளவையும் கேட்டவர், "அப்படியானால் ஒரு மரபணுவைப் பார்த்து ஒருவன் குணத்தைச் சொல்லிவிடலாமே!" என்பர். விஞ்ஞானிகளுள்ளும் சிலர் ஒரு காலத்தில் அவ்வாறு நம்பினர்.

டோபமீன் என்பது மூளையின் மற்றொரு தூதுப்பொருள். அதனைச் சிதைத்து அகற்றும் நொதி ஒன்று உண்டு. அந்நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், சிலருக்கு அது விரைந்தும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது. மெதுவாகச் செய்வோரின் முன்மூளையில் டோபமீன் நீண்ட நேரம் தங்குகிறது. இதுவரை உண்மை. 2001-இல் இவ்வேறுபாடு நினைவாற்றலோடு தொடர்புடையது என ஓர் ஆராய்ச்சி வெளிவந்ததும், 'போர்வீரன் மரபணு', 'கவலைக்காரன் மரபணு' என்றெல்லாம் பட்டம் கட்டத் தொடங்கிவிட்டனர். பலருடைய ஆராய்ச்சிகளையும் ஒன்றுதிரட்டி 2008-இல் பார்த்தபோது, அறிவாற்றலில் அதனால் விளையும் வேறுபாடு இல்லை என்று சொல்லத்தக்க அளவு அற்பமாக இருந்தது.

செரடோனின் என்ற பொருளின் கதையும் இத்தகையதே. அதனைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் குறுகிய வகை, நீண்ட வகை என இரண்டு உண்டு என்பது 1996-இல் பெரும் செய்தியாயிற்று. 2007-இல், குறுகிய வகையுடையோர் ஓய்ந்திருக்கும்போது, மூளையில் அச்ச உணர்ச்சிக்குரிய பகுதியில் இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதாக ஒரு குழுவினர் அறிவித்தனர். குறுகிய வகையுடையோர் துன்பம் நேர்ந்தால் மனச்சோர்வு நோய்க்கு எளிதில் ஆளாவர் என்ற கருத்தும் பரவியிருந்தது. 2019-இல் லட்சக்கணக்கானோரின் விவரங்களைக் கொண்டு, மனச்சோர்வுக்குக் காரணமெனப் புகழ்பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்தனர். அவற்றுள் எதுவும், கண்ணை மூடித் தொட்டெடுத்த வேறு மரபணுக்களைவிட மேலானதாகத் தேறவில்லை!

அப்படியானால் மரபணுக்களுக்குத் தொடர்பே இல்லையா? உண்டு. 2018-இல் 8,425 பேரின் மூளை அலைகளையும் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியில், அக்காபா ஏற்பி மரபணுவுக்கும் பீட்டா அலைக்கும் உள்ள தொடர்பு மறுபடியும் தென்பட்டது. ஆனால் மொத்தத்தில் இவ்வலைகளை ஆள்வது ஒரு மரபணு அன்று. மிகப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே ஆள்கின்றன என்பதும் புலனாயிற்று. நாம் அன்றாடம் காண்பதையே சொல்வோம். ஒரு விரைவு வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்வதற்கு எத்தனை பேர் காரணம்! டிரைவர் உண்டு, கார்டு உண்டு, தண்டவாளத்தைச் சரிபார்க்கும் கேங்மேன் உண்டு, பாயிண்ட்ஸ்மேன் உண்டு, கண்ட்ரோல் அறையில் தொலைபேசியும் கையுமாக இருப்பவர் உண்டு. வழியில் பெய்யும் மழையும் படியும் மூடுபனியும் வேறு. வண்டி தாமதித்ததற்கு ஒரே ஒரு பாயிண்ட்ஸ்மேனைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு பேதைமையோ, ஒருவன் குணத்துக்கு ஒரே ஒரு மரபணுவைக் காரணமாக்குவதும் அவ்வளவு பேதைமை.

நம் வீட்டுக்குரிய செய்தி

இவ்வூரில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தந்தை குடியால் சீரழிந்து நாற்பது வயதில் மாண்டார். தாய் அப்பளமிட்டு விற்று இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். மூத்தவன் நல்ல வேலையில் அமர்ந்தான்; காபி தவிர வேறொன்றையும் தொட்டறியாதவன். அவனுக்குப் பெண் பார்த்தனர். எல்லாம் கூடிவந்த வேளையில், "தகப்பன் குணம் பிள்ளைக்கு வராமற் போகுமா?" என்று பெண் வீட்டார் விலகிக்கொண்டனர். அந்தச் சொல் அவ்விளைஞன் செவியிலும் விழுந்தது. "எனக்கும் ஒரு நாள் அப்படித்தான் நேருமோ?" என்று அவன் நம்மிடம் கேட்டான். விஞ்ஞானம் என்ன விடை சொல்லுகிறது?

1973-இல் டென்மார்க்கில் செய்த ஆராய்ச்சி ஒன்று விடை சொல்லுகிறது. குடிநோயாளரின் மக்களாய்ப் பிறந்து, பிறந்த சில வாரங்களிலேயே பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த ஆடவர் 55 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 10 பேர் குடிநோயாளராயினர். குடிநோயற்ற பெற்றோர்க்குப் பிறந்து தத்துப் போன 78 பேருள் 4 பேர் அவ்வாறாயினர். பெற்ற தந்தையின் முகமே அறியாதவர்க்கும் ஆபத்து மிகுந்திருந்தது; ஆகவே மரபின் பங்கு உண்மை. ஆனால் மற்ற எண்ணையும் பாருங்கள். அந்த 55 பேருள் 45 பேர் குடிநோய்க்கு ஆளாகவில்லை! பெண் வீட்டார் கண்ணுக்கு அந்தப் 10 பேர் மட்டுமே தென்பட்டனர் போலும். இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் கொண்டு செய்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், குடிநோய்க்கு ஆளாவதில் மரபின் பங்கு ஏறக்குறையப் பாதிதான் எனத் தெரியவந்தது.

எனவே அவ்விளைஞனுக்கு நாம் சொன்னது இது: "அப்பா, உன் வண்டியின் பிரேக் சற்றுத் தளர்ந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும், செங்குத்தான இறக்கத்தில் வண்டியை விடுவதா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிறது. முதற் கோப்பையைத் தொடாதவனை எந்த மரபணுவும் குடிகாரனாக்கிவிடாது." இளவயதிலேயே மதுவைத் தொட்டவர்க்கே பிற்காலத்தில் குடிநோய் மிகுதியாக வருகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்டது. ஊரையும் உறவையும் விட்டு வந்து, மெஸ்ஸிலும் லாட்ஜிலும் தனித்து வாழும் நம் இளைஞர்க்கு இது மிகவும் வேண்டிய அறிவுரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பியவனுக்கு மாலைப்பொழுது நீண்டதாக இருக்கும். அப்பொழுதில் அவனைச் சங்கத்து வாசகசாலைக்கோ, பஜனைக்கோ, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ அழைக்கும் குடும்பம், மரபணுவால் வரக்கூடிய தீங்கையும் தடுக்கும் காவல் எனலாம். ஏற்கெனவே அப்பழக்கத்தில் வீழ்ந்தவரையோ, வைது பயனில்லை. அது நோய், மருத்துவம் உண்டு, நாணமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உற்றார் கடமை.

மற்றொன்றும் கூற வேண்டும். எச்சிலில் ஒரு துளி கொடுத்தால், அல்லது தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தால், உங்கள் குழந்தை டாக்டராவானா, எஞ்சினீயராவானா, கவனம் உள்ளவனா, மந்தனா என்று கண்டு சொல்கிறோம் என்று கூறிப் பணம் கேட்பவர் இந்நாளில் நகரந்தோறும் உளர். மேலே கூறியவற்றைப் படித்த அன்பர்கள் அவர்களிடம் ஏமாற வேண்டியதில்லை. பல்லாயிரம் பேரை ஆராய்ந்து விஞ்ஞானிகள் கண்டவை கூட்டத்தின் சராசரியைப் பற்றியவை. தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அவற்றைக் கொண்டு கணிக்க இயலாது. வலிப்பு, மயக்கம் முதலிய காரணங்களுக்காக மருத்துவர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுக்க வேண்டும், அது வேறு. சோதிடம் கேட்பதற்காக எடுப்பது வீண்செலவு.

குழந்தைகள் பலவகை. ஒருவன் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் போடுவான். ஒருவன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஓடுவான். ஒருத்தி வாய் திறவாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் அழகியதொரு கதை சொல்வாள். பிறக்கும்போதே மூளையின் ஓய்வு நடை சற்றுச் சற்று வேறுபட்டு வருகிறது என்று அறிந்த பின், எல்லாரையும் ஒரே கோலால் அளந்து, "உன் அண்ணனைப் பார்", "எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்" என்று ஓயாமல் ஒப்பிடுவது தகுமா? எழுந்து ஓடுகிறவனுக்கு இடையிடையே ஓட நேரம் கொடுத்துப் பின் உட்கார வையுங்கள். சுவரைப் பார்த்திருப்பவளிடம், "என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பள்ளி, தனிப்பாடம், இந்தி வகுப்பு, பாட்டு வகுப்பு என்று நிரப்பிவிடும் பெற்றோர், அரை மணி நேரமாவது அவர்களைச் சும்மா இருக்க விடுங்கள். அந்த அரை மணியில் அவர்கள் மூளை உறங்கிவிடாது. தனக்குரிய வேலையைத் தன் நடையில் செய்துகொண்டிருக்கும்.